கரிக்கு மதிப்பு வந்த கதை: வள்ளல் அழகப்பர் வாழ்க்கை

மரக்காணத்து உப்பளக் கரைக்குத் தெற்கே இடையஞ்சாவடி என்று ஓர் ஊர் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. ஆரோவில்லுக்குப் பக்கத்து ஊர்.

செம்மண் பூமி. முந்திரியும் சவுக்கும் வளரும் பக்கம். கிழக்கே கடல். கரையோடு வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள் வந்துவிடும். உப்பு நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் காயவைத்து, வாரிக் குவித்து வைத்திருப்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் வெள்ளைக் கூடாரங்கள் போலத் தெரியும்.

இந்தக் கடற்கரைப் பக்கத்தில் மூன்று பொருள்களை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஒன்று கரி. இன்னொன்று உப்பு. மற்றொன்று, மீன் சந்தையில் உரித்துப் போடும் இறால் ஓடு.

கரி அடுப்புக்குப் போகும். உப்பு மூட்டையில் போகும். இறால் ஓடு குப்பைக்குப் போகும்.

ஆனால் இந்த மூன்றையும் வைத்து, மின்சாரம் எடுக்க உதவும் ஓர் அருமையான பொருளைச் செய்யலாம். கிராம் கணக்கில் நிறுத்து விற்கும் பிளாட்டினம் செய்கிற வேலையை அதுவும் செய்யும். நம்ப முடியவில்லையா? உலகத்தின் பல விஞ்ஞானக் கூடங்களில் இதைச் செய்து பார்த்து விட்டார்கள்.

அந்த வித்தையை ஆராய்கிற கூடங்களில் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அது காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். பெயர் நீளமாக இருப்பதால், அந்த ஊரில் 'சிக்ரி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

அந்தக் கூடத்தைக் காரைக்குடிக்குக் கொண்டு வந்தவர் ஒரு விஞ்ஞானி அல்ல. அவர் ஒரு வியாபாரி. கல்லூரியில் படித்ததோ ஆங்கில இலக்கியம்!

அவர்தான் வள்ளல் அழகப்ப செட்டியார்.

கோட்டையூரில் பிறந்தார்

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கோட்டையூரில், 1909-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ந் தேதி அழகப்பர் பிறந்தார். தந்தையார் ராமநாதன் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி.

நகரத்தார் குடும்பங்களில் பிள்ளை வளர்ந்ததும் கொண்டு விற்கப் போவது வழக்கம். பர்மா, மலேயா, இலங்கை என்று கப்பல் ஏறுவார்கள். பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதப் பழகுவார்கள். வட்டிக் கணக்கு விரல் நுனியில் இருக்கும். கல்லூரிப் படிப்பை அந்தக் காலத்தில் அவ்வளவாகப் பொருட்படுத்த மாட்டார்கள்.

அழகப்பர் வேறு வழியில் போனார். காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 21 வயதில் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

அதோடு நிற்கவில்லை. இங்கிலாந்துக்குப் போய் பாரிஸ்டர் பட்டத்துக்குப் படித்தார். லண்டனில் வங்கித் தொழில் பழகினார். அதுவும் போதாது என்று குரோய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். கோட்டையூர்ப் பிள்ளை ஆகாய விமானம் ஓட்டியது அந்த நாளில் சின்ன விஷயமா?

இளமையிலேயே அவரை ஒரு நோய் பற்றிக்கொண்டது. அது கடைசிவரை அவரை விடவில்லை. உடல் வாட்டிய போதெல்லாம் அவர் வேலையைக் குறைக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

தொட்டதெல்லாம் தொழில்

1933-ல் அழகப்பர் தாய்நாடு திரும்பினார். கறுப்பு அங்கி போட்டுக் கோர்ட்டுக்குப் போகாமல், தொழிலில் இறங்கினார்.

கேரளத்தில், திருச்சூருக்குப் பக்கத்தில் உள்ள புதுக்காட்டில் நெசவாலை தொடங்கினார். அந்த ஆலை இருந்த இடத்துக்கு அழகப்ப நகர் என்றே பெயர் வந்துவிட்டது. மலேயாவில் ரப்பர்த் தோட்டம், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கம், இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி, பங்கு வியாபாரம் என்று தொழில் வளர்ந்தது. 'ஜூபிடர் ஏர்வேஸ்' என்று சொந்தமாக ஒரு விமானக் கம்பெனிகூட வைத்தார். அது நெடுநாள் நிலைக்கவில்லை.

பணம் வெள்ளமாக வந்தது. வந்த வேகத்திலேயே கொடுத்தார்.

1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். கிண்டியில் அழகப்ப செட்டியார் தொழில் நுட்பக் கல்லூரி எழுந்தது. இரசாயனத் தொழில்களைச் சொல்லிக் கொடுக்கும் கல்லூரி அது. இலக்கியம் படித்தவருக்கு இரசாயனத்தின் மேல் எப்படிக் கண் போயிற்று? ஆலை நடத்தியவர் அல்லவா! துணிக்குச் சாயம் வேண்டும். வெளுக்க மருந்து வேண்டும். எல்லாம் வெளிநாட்டில் இருந்து கப்பலில் வந்தன. யுத்த காலத்தில் கப்பல் நின்றால் ஆலையும் நிற்க வேண்டியதுதான்.

பிரிட்டிஷ் ஆட்சி அவருக்குச் 'சர்' பட்டம் கொடுத்தது. நாடு விடுதலை அடைந்ததும் அந்தப் பட்டத்தை அவர் விட்டுவிட்டார்.

ஒரு கூட்டத்தில் பிறந்த கல்லூரி

1947-ம் ஆண்டு. அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாக் கூட்டம் சென்னையில் நடந்தது. துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் பேசும்போது, செல்வர்கள் முன்வந்து கல்லூரிகள் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

கூட்டத்தில் அழகப்பரும் இருந்தார். அங்கேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்க ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். அதே ஆண்டில் கல்லூரி தொடங்கிவிட்டது. கட்டிடம் எழும்வரை காத்திருக்கவில்லை. இருக்கிற இடத்தில் வகுப்பு நடக்கட்டும் என்று ஆரம்பித்து விட்டார்.

நன்கொடை கொடுப்பவர்கள் பலர் உண்டு. யோசித்துச் சொல்கிறேன் என்பார்கள். குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்பார்கள். அழகப்பரிடம் அந்தப் பேச்சே கிடையாது.

300 ஏக்கரும் 15 லட்சமும்

நாடு விடுதலை அடைந்த சமயம். பிரதமர் நேருவும், விஞ்ஞானி சாந்தி சொரூப் பட்நாகரும் சேர்ந்து நாடு முழுவதும் தேசிய ஆராய்ச்சிக் கூடங்களை அமைக்கத் திட்டம் போட்டார்கள். டில்லிக்கு ஒன்று, புனேக்கு ஒன்று, ஜாம்ஷெட்பூருக்கு ஒன்று என்று பெரிய நகரங்களாகப் பார்த்து இடம் ஒதுக்கினார்கள். தோல் ஆராய்ச்சிக் கூடம் சென்னைக்கு வந்தது.

மின்சாரத்தையும் இரசாயனத்தையும் சேர்த்து ஆராயும் கூடம் ஒன்றும் அந்தத் திட்டத்தில் இருந்தது. பாட்டரி செய்வது, உப்பில் இருந்து காஸ்டிக் சோடா எடுப்பது, முலாம் பூசுவது, துருப்பிடிக்காமல் இரும்பைக் காப்பது எல்லாம் அதன் வேலை.

அந்தக் கூடம் காரைக்குடிக்கு வரவேண்டும் என்று அழகப்பர் ஆசைப்பட்டார்.

காரைக்குடி அப்போது எப்படி இருந்தது? செட்டிநாட்டு மாளிகைகள் இருந்தன. ஊரைத் தாண்டினால் செம்மண் பொட்டல். மழை குறைவு. பெரிய ஆறு கிடையாது. ஆலைத் தொழிலும் கிடையாது. சர்க்கார் அதிகாரி யாராவது தாமாக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அழகப்பர் 300 ஏக்கர் நிலம் கொடுத்தார். அதோடு 15 லட்சம் ரூபாய் ரொக்கமும் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் ஒரு பவுன் நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. ஆகவே, 15 லட்சம் ரூபாய்க்குப் பதினைந்தாயிரம் பவுனுக்கு மேல் வாங்கியிருக்கலாம். அவ்வளவு பணத்தை, தமக்குப் பாடமே இல்லாத ஒரு விஞ்ஞானத்துக்காக எடுத்துக் கொடுத்தார்!

1948-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். விடுதலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. காந்தியடிகள் மறைந்து ஆறு மாதம் முடியவில்லை. அந்த நேரத்தில் பிரதமர் ஒரு விஞ்ஞானக் கூடத்துக்காகப் பொட்டல் காட்டுக்கு வந்தார்.

கட்டிடம் எழுந்து, 1953-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி திறப்பு விழா நடந்தது. துணை ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

உப்பும் கரியும்

சிக்ரி செய்த வேலைகளில் ஒன்று, உப்பளக்காரர்களுக்கு நெருங்கிய வேலை.

சோப்புக்கும் காகிதத்துக்கும் துணிக்கும் வேண்டிய காஸ்டிக் சோடாவை உப்பில் இருந்துதான் எடுக்கிறார்கள். உப்பைத் தண்ணீரில் கரைத்து, தொட்டியில் ஊற்றி, மின்சாரம் பாய்ச்ச வேண்டும். மின்சாரம் உள்ளே போவதற்கு முன்பெல்லாம் கிராபைட் என்னும் கரித் தண்டுகளைத் தொங்க விட்டார்கள். கரித் தண்டு நாளுக்கு நாள் தேயும். தேயத் தேய மின்சாரச் செலவு கூடும். பிறகு மாற்ற வேண்டும்.

காரைக்குடி விஞ்ஞானிகள், டைட்டானியம் உலோகத்தின் மேல் ஒரு பூச்சுப் பூசி, தேயாத தண்டு செய்தார்கள். ஆலைகளுக்கு மின்சாரம் மிச்சமாயிற்று.

அந்தத் தொட்டியில் கரி தோற்றது. இன்னொரு வேலையில் அதே கரிக்கு இப்போது மதிப்பு வந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

தரகு வாங்காத தரகர்

ஹைட்ரஜன் ஒரு வாயு. காற்றில் உள்ள பிராணவாயு இன்னொரு வாயு. இரண்டும் சேர்ந்தால் தண்ணீர் ஆகும். சேரும்போது சக்தி வெளிப்படும். தீ வைத்துச் சேர்த்தால் வெடிக்கும். தீ இல்லாமல், ஒரு மின்கலத்துக்குள் பக்குவமாகச் சேர்த்தால் மின்சாரம் கிடைக்கும். மிச்சம் சுத்தமான தண்ணீர். புகை இல்லை, சாம்பல் இல்லை. எரிபொருள் மின்கலம் என்று இதற்குப் பெயர்.

1839-ல் வில்லியம் குரோவ் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். அவரும் ஒரு வக்கீல்தான். பிற்காலத்தில் நீதிபதி ஆனார். 1969-ல் சந்திரனுக்குப் போன அமெரிக்க வீரர்களின் விண்கலத்தில் இந்த மின்கலம்தான் மின்சாரம் கொடுத்தது. அதில் கிடைத்த தண்ணீரைத்தான் அவர்கள் குடித்தார்கள்.

இத்தனை நல்ல பொருள் ஏன் வீட்டுக்கு வீடு வரவில்லை?

பிராணவாயுதான் காரணம். அது சுலபத்தில் அசையாது. அதன் இரண்டு அணுக்கள் கெட்டியாகக் கைகோத்துக்கொண்டு நிற்கும். அந்தப் பிடியைத் தளர்த்த ஒரு தரகர் வேண்டும். பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் சேர்த்து வைத்துவிட்டு, தான் ஒதுங்கிக்கொள்கிற தரகர். விஞ்ஞானத்தில் அதற்கு வினையூக்கி என்று பெயர். இந்தத் தரகர் தரகுகூட வாங்குவதில்லை!

குரோவ் காலம் முதல் அந்த வேலைக்குப் பிளாட்டினத்தைத்தான் வைத்தார்கள். பிளாட்டினம் உலகில் மிகக் குறைவு. பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் இருந்து வருகிறது. அதை நம்பி ஏழை நாடுகள் வீட்டுக்கு வீடு மின்கலம் வைக்க முடியுமா?

பிளாட்டினத்துக்குப் பதிலாக வேறு என்ன வைக்கலாம் என்று 1960-களிலேயே தேட ஆரம்பித்தார்கள். 1964-ல் ஒருவர் கோபால்ட் உலோகமும் நைட்ரஜனும் சேர்ந்த ஒரு சாயப்பொருளை வைத்துப் பார்த்தார். அது வேலை செய்தது. 2009-ல் அமெரிக்காவில் இன்னொரு செய்தி வந்தது. வெறும் கரியில், கொஞ்சம் நைட்ரஜனைக் கலந்து வைத்தால், காரக் கரைசலில் அது பிளாட்டினத்தையே மிஞ்சுகிறது என்று செய்து காட்டினார்கள். அதன் பிறகு உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் கரியைத் தேடிப் புறப்பட்டார்கள். காரைக்குடியிலும், சென்னைத் தரமணியில் உள்ள சிக்ரியின் கிளையிலும் இந்த ஆராய்ச்சி நடந்து வருகிறது.

ஒரு சிட்டிகையில் அரை ஏக்கர்

அடுப்புக்கரியை அப்படியே கொண்டுபோய் மின்கலத்தில் வைத்தால் பயன் இல்லை. அதற்கு இரண்டு குணங்கள் வேண்டும்.

முதலாவது, துளை. நல்ல இட்லியைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே எல்லாம் கண்கண்ணாக இருக்கும் அல்லவா? கரியும் அப்படி இருக்க வேண்டும். ஆனால் இந்தத் துளைகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அதுதான் இங்கே அளவுகோல். அதற்கு நானோ மீட்டர் என்று பெயர். 2 நானோ மீட்டருக்குக் குறைந்தது சிறு துளை. 50 வரை நடுத் துளை. அதற்கு மேல் பெருந் துளை.

மூன்று வகையும் வேண்டும். காரைக்குடியை நினைத்துக்கொள்ளுங்கள். அகலமான வீதி உண்டு. வீதியில் இருந்து சந்து பிரியும். சந்தில் வீட்டு வாசல்கள் இருக்கும். வேலை நடப்பது வீட்டுக்குள். ஆனால் வீதியும் சந்தும் இல்லாவிட்டால் வீட்டுக்குள் யார் போவது? பிராணவாயு பெருந் துளையில் நுழைந்து, நடுத் துளை வழியாகச் சிறு துளைக்குப் போய்ச் சேருகிறது.

இப்படித் துளை விட்ட கரியின் உட்சுவர்களை எல்லாம் பிரித்து விரித்தால் எவ்வளவு இருக்கும்? நன்றாகச் செய்த கரியில் ஒரு கிராமுக்கு 2,000 சதுர மீட்டருக்குமேல் வரும். ஒரு சிட்டிகைக் கரிக்குள் அரை ஏக்கர் நிலம்!

இரண்டாவது, கலப்பு. கரியின் அணுக்கள் தேன்கூடு போல ஆறு ஆறாகக் கோத்திருக்கும். அங்கங்கே ஒரு கரி அணுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நைட்ரஜன் அணுவை வைக்க வேண்டும். கரி அணுவில் 6 எலெக்ட்ரான்கள். நைட்ரஜனில் 7. இந்த ஒரு வித்தியாசத்தால் அந்த இடத்தைச் சுற்றி மின்னூட்டத்தின் பரவல் மாறுகிறது. பிராணவாயு அங்கே வந்து ஒட்டுகிறது. அதன் கைப்பிடி தளர்கிறது. கந்தகம், பாஸ்பரஸ், போரான் ஆகியவற்றையும் இப்படிக் கலப்பது உண்டு. சிலர் சிறிது இரும்பும் சேர்ப்பார்கள்.

இரண்டு மூன்று விழுக்காடு நைட்ரஜன் இருந்தாலே போதும். இட்லிக்கு அரிசி அதிகம், உளுந்து கொஞ்சம். அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் இட்லி இல்லை.

எப்படிச் செய்கிறார்கள்?

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்தில் கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, மூட்டம் போடுவார்கள். காற்றுப் புகாமல் வெந்தால் கரி. ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்தால் சாம்பல். விஞ்ஞானக் கூடத்திலும் அதே மூட்டம்தான். மண்ணுக்குப் பதிலாகக் குழாய் போன்ற மின்சார அடுப்பு. உள்ளே காற்றை வெளியேற்றி, நைட்ரஜன் வாயுவை ஓட விடுகிறார்கள்.

முதலில் தேங்காய்ச் சிரட்டையையோ, மரத்தூளையோ, வேறு தாவரக் கழிவையோ காயவைத்துப் பொடித்துக் கரியாக்குவார்கள். அதோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுமையான காரத்தைச் சேர்த்து அரைப்பார்கள். நைட்ரஜனுக்காக யூரியா சேர்ப்பார்கள். வயலுக்குப் போடும் அதே யூரியாதான்.

இந்தக் கலவையை அடுப்பில் வைத்து, மெல்ல மெல்லச் சூடேற்றி, 800, 900 டிகிரிக்குக் கொண்டு போவார்கள். காரம் கரியை அரித்துத் துளை போடும். யூரியா சிதைந்து, நைட்ரஜன் கரிக்குள் புகும். ஒன்று இரண்டு மணி நேரம் அந்தச் சூட்டில் வைத்து, தானாக ஆற விடுவார்கள். அவசரப்பட்டுச் சூட்டோடு திறந்தால் காற்றுப்பட்டுக் கரி எரிந்து போகும்.

ஆறிய பிறகு அமிலத்தில் கழுவி, காரமும் அமிலமும் போகும்வரை தண்ணீரில் அலசி, உலர்த்துவார்கள். உள்ளே போட்டதில் சிறு பங்குதான் கைக்கு வரும்.

மரக்காணத்து உப்பு எங்கே வருகிறது? காரத்தைக் குறைத்து, உப்பை வைத்தே துளை போடுகிற முறை ஒன்று உண்டு. உப்புப் படிகங்களைக் கலவையோடு சேர்த்து வேகவைக்கிறார்கள். கரி உப்பைச் சுற்றிக் கெட்டிப்படும். பிறகு வெறும் தண்ணீரை ஊற்றினால் உப்பு கரைந்து ஓடிவிடும். உப்பு இருந்த இடம் எல்லாம் துளை! அந்தத் தண்ணீரைக் காயவைத்தால் உப்பு திரும்பவும் கிடைக்கும்.

இறால் ஓட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. அந்த ஓட்டில் இயற்கையாகவே நைட்ரஜன் இருக்கிறது. யூரியா வாங்க வேண்டாம். சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது. ஓட்டைக் கரியாக்கி அமிலத்தில் போட்டால், சுண்ணாம்பு கரைந்து துளை விழுகிறது. தரகரையும் வீதியையும் இறாலே கட்டி வைத்திருக்கிறது.

பதம் பார்ப்பதுதான் இதில் பெரிய வேலை. சூடு குறைந்தால் கரியில் மின்சாரம் சரியாக ஓடாது. சூடு கூடினால் உள்ளே புகுந்த நைட்ரஜன் வெளியேறிவிடும். காரம் குறைந்தால் துளை போதாது. கூடினால் சுவரே இடிந்து விழும். பத்து டிகிரி மாற்றி, ஐந்து கிராம் மாற்றி, மாதக் கணக்கில் செய்து பார்க்கிறார்கள்.

செய்த கரியை மையைப் போலக் கரைத்து, ஒரு சிறு வட்டத் தண்டின் நுனியில் சொட்டு வைக்கிறார்கள். அதைக் கரைசலில் நனைத்து, நிமிடத்துக்கு 1,600 சுற்றுச் சுற்ற விட்டு, எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அளக்கிறார்கள். பக்கத்திலேயே பிளாட்டினக் கரியையும் வைத்து ஒப்பிடுவார்கள்.

பிளாட்டினத்தை வென்றாகிவிட்டதா? காரக் கரைசலில் கரி நன்றாக ஓடுகிறது. துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்யும் மின்கலத்துக்கு இது மிகவும் பொருத்தம். ஆனால் கார், பஸ் ஓட்டும் எரிபொருள் மின்கலங்களின் உள்ளே இருப்பது அமிலத் தன்மை. அங்கே கரி இன்னும் திணறுகிறது. நாளாக நாளாகத் தேய்கிறது. உப்புத் தொட்டியில் தேய்ந்த பழைய கரித் தண்டின் குறை முழுவதும் நீங்கவில்லை. அதை நீக்கத்தான் இன்றைக்கும் பாடுபடுகிறார்கள்.

கை வற்றிய காலம்

அழகப்பர் இந்தக் கரியை எல்லாம் பார்க்கவில்லை. அதற்கு வெகு காலம் முன்பே அவர் வாழ்வு முடிந்துவிட்டது.

சிக்ரி திறந்த சமயத்தில் காரைக்குடியைச் சுற்றி அவர் நட்ட கல்விக் கூடங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. குழந்தைகள் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-ல் பொறியியல் கல்லூரி. குடியிருந்த கோட்டையூர் மாளிகையையும் பெண்கள் கல்விக்குக் கொடுத்துவிட்டார்.

சென்னையில் கணித மேதை ராமானுஜன் பெயரால் 1950-ல் ஒரு கணித ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருந்தார். ஐந்தாறு ஆண்டுகளில் அதற்குச் சோதனை வந்தது. அழகப்பரின் செல்வ நிலை தளர்ந்துவிட்டது. கணித நிலையத்தைத் தொடர்ந்து நடத்த அவரால் முடியவில்லை. மூடிவிட வேண்டியதுதான் என்ற நிலைமை.

வாரிக் கொடுத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத மனிதர், தாம் வைத்த விளக்குக்குத் தாமே எண்ணெய் ஊற்ற முடியாமல் நின்றார்.

வானியல் விஞ்ஞானி சந்திரசேகர் அமெரிக்காவில் இருந்து இந்தச் செய்தியை நேருவின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1957-ல் அந்த நிலையத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. விளக்கு அணையவில்லை.

காரைக்குடிக் கூடத்துக்கு அந்த ஆபத்து வரவில்லை. நிலத்தையும் பணத்தையும் ஒரே தடவையில் நாட்டின் கையில் ஒப்படைத்து விட்டதால், கொடுத்தவர் கை வற்றிய பிறகும் அது நின்றது. அழகப்பர் செய்த தருமங்களில் இதைத்தான் மிகக் கெட்டிக்காரத்தனமான தருமம் என்று சொல்லத் தோன்றுகிறது.

1956-ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

நோய் முற்றியது. 1957-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ந் தேதி சென்னையில் அழகப்பர் காலமானார். இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும். அவருக்கு ஒரே மகள்.

1985-ல் அவர் பெயரால் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் ஏற்பட்டது. சிக்ரியில் மின்வேதியியல் பொறியியல் படிப்பும் சொல்லிக் கொடுக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைகள் பலர் அங்கே வந்து படிக்கிறார்கள். மூட்டம் போடுகிற ஊரில் இருந்து வரும் பையனும், உப்பள ஊரில் இருந்து வரும் பெண்ணும் அந்தக் குழாய் அடுப்பைத் திறந்து, வெந்த கரியை எடுத்து நிறுத்துப் பார்க்கலாம். அடுப்பு இருப்பது அழகப்பர் கொடுத்த 300 ஏக்கரில்.